ஹபரணை தாண்டி நின்ற காரும் ரோட்சைட் அசிஸ்டன்ஸ் கணக்கும்

வருடத்துக்குப் பத்தாயிரம் ரூபா அளவில் கட்டி, வண்டி வழியில் நின்றால் உதவிக்கு வருகிற ரோட்சைட் அசிஸ்டன்ஸ் மெம்பர்ஷிப் எடுப்பது பிரயோசனமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் பெரும்பாலும் கட்டணத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். திருகோணமலையில் இருக்கிற எங்களுக்குக் கட்டணம் பிறகு பார்க்கவேண்டிய விஷயம். வாகனத்தை ஏற்றிக்கொண்டு போகிற கரியர் எந்த ஊரில் நிற்கிறது, எத்தனை கிலோமீற்றர் வரைக்கும் இலவசம், இரவு எட்டு மணிக்கு அழைத்தால் தமிழில் பேச ஆள் இருக்கிறதா, இந்த மூன்றும்தான் முதலில் தெரியவேண்டும். எனக்கு இதை யாரும் முன்பே சொல்லியிருக்கவில்லை. அதனால்தான் நடந்ததை முழுதாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். விடுதி மாறவேண்டியிருந்ததால் அவளுடைய சாமான்களை ஏற்றிக்கொண்டு நானே காரில் போனேன். கணவர் கட்டாரில். வீட்டில் வேறு ஓட்டுகிறவர்கள் இல்லை, எனக்கும் அந்தப் பாதை பழக்கம். சாமான்களை இறக்கி, அவளோடு மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் பின்னேரம் வெளிக்கிட்டேன். மாத்தளை, தம்புள்ளை தாண்டி ஹபரணையில் ஒரு தேநீர் குடித்தேன். அங்கிருந்து கந்தளாய் வரைக்கும் பாதையின் இரண்டு பக்கமும் பெரும்பாலும் காடு. கடைகள் குறைவு, வீடுகள் அதைவிடக் குறைவு. கொழும்பு பஸ்ஸில் போய்வருகிற எல்லோருக்கும் அந்தத் துண்டு தெரியும். யானை கடக்கும் என்று பலகை போட்டிருப்பார்கள், சாரதி வேகத்தைக் குறைப்பார், நாங்கள் யன்னலால் எட்டிப் பார்ப்போம். பஸ்ஸுக்குள் இருந்து பார்க்கும்போது அது ஒரு வேடிக்கை. கார் நின்றுபோய்த் தனியாக இருக்கும்போது அதே இடம் வேறு மாதிரி.

கல்ஓயாப் பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது முன்பக்கம் எதுவோ அறுந்து அடித்த மாதிரி ஒரு சத்தம். உடனே ஸ்டியரிங் இறுகியது. டாஷ்போட்டில் பற்றரி விளக்கு சிவப்பாக எரிந்தது. கொஞ்சத் தூரத்திலேயே வெப்பமானியின் முள்ளும் மேலே ஏறத் தொடங்கியது. ஓரம் கட்டி என்ஜினை நிறுத்திவிட்டேன். இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் அநேகமாக பெல்ட் அறுந்திருக்கும். என்னுடையது போன்ற பழைய காரில் ஒரே பெல்ட்தான் பற்றரிக்குச் சார்ஜ் கொடுக்கிற ஒல்டர்னேற்றர், பவர் ஸ்டியரிங், தண்ணீர்ப் பம்ப் மூன்றையும் சுற்றுகிறது. தண்ணீர்ப் பம்ப் நின்றால் ரேடியேற்றரில் எவ்வளவு தண்ணீர் இருந்தும் அது என்ஜினுக்குள் ஓடாது. அப்படியே கந்தளாய் வரைக்கும் ஓட்டிப் பார்ப்போம் என்று நினைத்தால் சிலிண்டர் ஹெட் வளைந்து, கஸ்கட் எரிந்து, இலட்சக்கணக்கில் வேலை வரும். பெல்ட் மாற்றுகிற செலவு அதற்குப் பக்கத்திலும் வராது. தயவுசெய்து முள் சிவப்புக்கு வந்தால் வண்டியை நிறுத்துங்கள், அது எந்த இடமாக இருந்தாலும். சூட்டோடு ரேடியேற்றர் மூடியையும் திறக்கவேண்டாம், உள்ளே கொதிக்கிற தண்ணீர் முகத்துக்கு அடிக்கும்.

நேரம் ஆறைத் தாண்டியிருந்தது. இருட்டத் தொடங்கிவிட்டது. டபுள் சிக்னலைப் போட்டேன், கதவுகளைப் பூட்டினேன். என்னிடம் புல் இன்சூரன்ஸ், அதாவது முழுக் காப்புறுதி, இருந்தது. அதில் ரோட்சைட் அசிஸ்டன்ஸ் இலவசம் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார், கார்டின் பின்பக்கத்தில் நம்பரும் இருந்தது. அதனால் முதல் கொஞ்ச நேரம் நான் பயப்படவே இல்லை. அந்த நம்பிக்கை எவ்வளவு நேரம் தாங்கியது என்று கேட்டால், அழைப்பை எடுத்த பிள்ளை பேசத் தொடங்கும் வரைக்கும்தான். அவர் சிங்களத்தில் பேசினார். எனக்கு அலுவலகச் சிங்களம் தெரியும். ஆனால் பயத்தோடு இருக்கும்போது தெரிந்த மொழியும் வாயில் வராது. தமிழ் பேசுகிற ஒருவரைக் கேட்டேன். திருப்பி எடுப்பார்கள் என்றார். நாற்பது நிமிடத்துக்குப் பிறகுதான் அந்த அழைப்பு வந்தது.

அந்த நாற்பது நிமிடத்தை நான் மறக்கமாட்டேன். வாகனங்கள் போகும்போது வெளிச்சம் வரும், போனபிறகு ஒன்றும் தெரியாது. காட்டுக்குள் கிளை முறிகிற சத்தம் கேட்டது. யானையோ மாடோ எனக்குத் தெரியாது, ஆனால் இறங்கி முக்கோணப் பலகையைத் தூரத்தில் கொண்டுபோய் வைக்கிற துணிவு வரவில்லை. ஒரு மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து, மெதுவாக்கி, காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் அதே சைக்கிள் எதிர்ப்பக்கத்தால் திரும்பி வந்தது. உதவி செய்யலாமா என்று யோசித்த நல்ல பிள்ளைகளாகவும் இருக்கலாம். எனக்கு அப்போது கை நடுங்கியது. கணவருக்கு அழைத்தேன். அவரால் அங்கிருந்து என்ன செய்யமுடியும்? "கதவைத் திறக்காத, போனை வைக்காத" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். தனியாக, இரவில், இப்படி ஒரு இடத்தில் நின்றால் இன்சூரன்ஸ் நம்பருக்கு அழைத்த கையோடு 119க்கும் அழையுங்கள். உடைந்த காரைத் திருத்துவது பொலிசின் வேலை இல்லைதான். ஆனால் ஒரு பெண் தனியாக இன்ன இடத்தில் நிற்கிறார் என்று பதிவாகிவிடும், அந்தப் பகுதிப் பொலிசுக்குச் சொல்லுவார்கள். யாருக்காவது காயமோ சுகயீனமோ என்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ், அது இலவசம். வண்டி பழுதுக்கு மட்டும் அவர்களை அழைக்கக்கூடாது. எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டால் காட்டுக்குள் சொல்ல அடையாளம் இருக்காது. அதனால் போகும்போதே கிலோமீற்றர் கல்லைக் கவனித்துக்கொண்டு போவது நல்லது. வட்ஸ்அப்பில் லொக்கேஷன் அனுப்பலாம், ஆனால் டேட்டா சிக்னல் கிடைக்காத துண்டுகளும் அந்தப் பாதையில் உண்டு. அதையே எஸ்எம்எஸ்ஸில் எழுதி அனுப்பினால் மெல்லிய சிக்னலிலும் போய்ச்சேரும்.

திருப்பி எடுத்த தமிழ் உத்தியோகத்தர் மரியாதையாகத்தான் பேசினார், அவரில் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்ன விஷயங்கள்தான் என்னை உட்காரவைத்தன. கரியர் குருநாகலில் இருந்து வரவேண்டும், மூன்று மணித்தியாலம் ஆகலாம். விபத்து என்றால் வேறு, இது பழுது என்பதால் கட்டி இழுக்கிற செலவில் கம்பனி 10,000 ரூபா வரைக்கும்தான் தரும். அதுவும் பக்கத்தில் இருக்கிற கராஜ் வரைக்கும். திருகோணமலைக்குக் கொண்டுபோகவேண்டும் என்றால் மிச்சத்தை நான் கட்டவேண்டும், எவ்வளவு என்று வண்டிக்காரர் வந்துதான் சொல்லுவார். இலவசம் என்று ஏஜென்ட் சொன்ன சொல்லுக்குள் இத்தனை நிபந்தனைகள் இருந்தன. பாலிசிப் புத்தகத்தில் எல்லாம் அச்சடித்திருந்தது என்பதைப் பிறகு பார்த்தேன். ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், கடைசிப் பக்கங்களில்.

அப்போதுதான் ஒரு மீன் லொறி வந்து முன்னால் நின்றது. கிண்ணியாக்காரர் ஒருவர், தம்புள்ளையில் மீனை இறக்கிவிட்டு வெறும் கூலரோடு திரும்பிக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தட்டாமல், கொஞ்சம் தள்ளி நின்று, "தங்கச்சி, தனியவா நிக்கிறீங்க? இது ஆனை வார இடம்" என்றார். அந்தத் தமிழைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "பெல்ட் அறுந்துபோட்டுது போல, நானா" என்றேன். முஸ்லிம் அண்ணாமாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். லொறியில் கயிறு இருக்கிறது, கந்தளாய் மட்டும் இழுத்துக்கொண்டுபோய் விடுகிறேன் என்றார். ஒட்டோமற்றிக் என்று நான் சொன்னதும் அவரே தலையை ஆட்டினார். "அப்ப கயித்துல இழுக்கேலா. கியர்ப் பொட்டி போயிரும்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. அநேகமான ஒட்டோமற்றிக் கார்களில் கியர்ப் பெட்டிக்குள் எண்ணெயைச் சுற்றவைக்கிற பம்ப் என்ஜின் ஓடினால்தான் வேலை செய்யும். என்ஜின் நின்றிருக்க, ஓட்டும் சில்லுகள் தரையில் உருண்டால் உள்ளே எண்ணெய் இல்லாமல் உலோகமும் உலோகமும் தேயும். ஹைபிரிட் என்றால் இன்னும் மோசம், சில்லு சுற்றச் சுற்ற மோட்டார் மின்சாரம் பிறப்பிக்கும். முன்சில்லால் ஓடுகிற வண்டியென்றால் முன்பக்கத்தைத் தூக்கியாவது இழுக்கவேண்டும். முழுதாகத் தட்டில் ஏற்றுகிற கரியர்தான் எல்லாவற்றிலும் நல்லது. மனுவல் காரைக் கயிற்றில் இழுக்கலாம், ஆனால் என்ஜின் ஓடாதபோது பிரேக்குக்கு உதவி இருக்காது, மிதி கல்லு மாதிரி இறுகும். பழகாதவர்கள் அந்தப் பாதையில் இரவில் அதைச் செய்யக்கூடாது. மெம்பர்ஷிப் எடுக்கும்போது உங்கள் வண்டி ஒட்டோவா, ஹைபிரிட்டா என்று சொல்லி, அனுப்புவது தட்டுக் கரியரா, கொழுவி இழுக்கிற வண்டியா என்று கேட்டு வையுங்கள். அனேகம்பேர் இதைக் கேட்பதே இல்லை.

அந்த லொறிக்கார நானாவுக்குக் கந்தளாயில் கரியர் வைத்திருக்கிற ஒருவரைத் தெரிந்திருந்தது. தன் போனிலேயே அழைத்துப் பேசினார். திருகோணமலை வரைக்கும் 32,000 என்று சொன்னவரை 28,000க்குக் கொண்டுவந்ததும் அவர்தான். கரியர் வரும் மட்டும் லொறியை என் காருக்குப் பின்னால் எடுத்து, லைற்றைப் போட்டுக்கொண்டு நின்றார். வீட்டில் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று தெரிந்தும் நின்றார். காசு கொடுக்கப் போனபோது வாங்கவில்லை. அந்த மனிதருக்கு நான் பட்டிருக்கிற கடனை எழுத்தில் தீர்க்கமுடியாது. ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். நல்ல மனிதர் ஒருவர் வருவார் என்பதை ஏற்பாடாக வைத்துக்கொண்டு காட்டுக்குள் போகமுடியாது. அவர் அன்று அரை மணித்தியாலம் முந்திப் போயிருந்தால் நான் குருநாகல் வண்டிக்காகத்தான் காத்திருந்திருப்பேன்.

கரியர் வந்ததும் செய்யவேண்டியவை சில உண்டு. ஏற்றுவதற்கு முன் காரை நான்கு பக்கமும் படம் எடுங்கள், இருட்டென்றாலும் போன் வெளிச்சத்தில் எடுங்கள். வின்ச் என்கிற இழுவைக் கம்பியால் காரைத் தட்டில் இழுக்கும்போது கியர் நியூட்றலில் இருக்கவேண்டும், ஏறியபிறகு ஹான்ட்பிரேக். பட்டியைச் சில்லில் கட்டச் சொல்லுங்கள், பம்பரிலும் அடிப்பக்கத்துக் கம்பிகளிலும் கொழுவவிடாதீர்கள். வண்டி இலக்கமும் சாரதியின் பெயரும் வீட்டுக்கு அனுப்பியபிறகுதான் நான் கபினுக்குள் ஏறினேன். சாரதி தன் மகனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார், பள்ளிக்கூடம் போகிற வயது. அந்தப் பிள்ளையைக் கண்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. தம்பலகாமம் தாண்டி, சீனக்குடா விளக்குகள் தெரிந்து, உவர்மலை வீட்டுக்கு வந்துசேரும்போது பத்து மணி கடந்திருந்தது.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு கராஜுக்குப் போனேன். பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர், கசியத் தொடங்கியிருந்த தண்ணீர்ப் பம்ப், கூலியோடு 43,000 ரூபா அளவில் வந்தது. இந்தக் காசை நான் ரோட்சைட் அசிஸ்டன்ஸ் கணக்கில் சேர்க்கவில்லை. நீங்களும் சேர்க்காதீர்கள். எந்த மெம்பர்ஷிப் இருந்தாலும் திருத்துகிற செலவு உங்களுடையதுதான். அவர்கள் செய்வது ரயர் மாற்றுவது, பற்றரிக்கு ஜம்ப் கொடுப்பது, பெற்றோல் கொண்டுவந்து தருவது, பூட்டைத் திறப்பது, கட்டி இழுப்பது. பெற்றோலின் விலையும் உங்களுடையது. ரயர் மாற்றுவதற்கு உங்களிடம் காற்றுள்ள ஸ்பேர் இருக்கவேண்டும். ஆக நான் ஒப்பிடவேண்டிய தொகை 28,000 மட்டும்தான். அதில் 10,000ஐ இன்சூரன்ஸில் எடுக்கலாம் என்று பில்லோடு போனேன். தரவில்லை. கம்பனி அனுப்புகிற கரியரை விட்டு வெளிக் கரியரை எடுப்பதென்றால், எடுப்பதற்கு முன் ஹொட்லைனில் அனுமதி இலக்கம் வாங்கியிருக்கவேண்டுமாம். அந்தத் தமிழ் உத்தியோகத்தர்கூட அன்றிரவு அதைச் சொல்லவில்லை. காட்டுக்குள் நின்று பேசுகிற ஒருவருக்கு முதலில் சொல்லவேண்டிய விஷயம் அதுதானே? எனக்கு இன்னும் ஆறவில்லை. நீங்கள் எந்தக் கம்பனியில் இருந்தாலும், வெளியில் வண்டி பிடிக்க நேர்ந்தால், "அப்ப்ரூவல் நம்பர் தாங்க" என்று கேட்டு எழுதிக்கொண்டு பிடியுங்கள். பில்லில் வாகன இலக்கம், ஏற்றிய இடம், இறக்கிய இடம், கிலோமீற்றர் எல்லாம் எழுதி ஒப்பம் வைக்கச் சொல்லுங்கள்.

இதற்குப் பிறகுதான் மெம்பர்ஷிப் பற்றி ஒழுங்காக விசாரிக்கத் தொடங்கினேன். ரொறன்ரோவில் இருக்கிற அண்ணா இதைக் கேட்டவுடன் "எடு, யோசிக்காத" என்றார். அவர் அங்கே சீஏஏ என்கிற கனடா வாகனச் சங்கத்தில் பல வருடமாக மெம்பராக இருக்கிறார். அவர்களுடைய பிளஸ் வகையில் 200 கிலோமீற்றர் வரை கட்டி இழுப்பார்கள். மெம்பர்ஷிப் ஆளுக்கு உரியது, காருக்கு இல்லை. நண்பனுடைய காரில் போய் நின்றாலும் அவருடைய அட்டை செல்லும். அங்கே ஊருக்கு ஊர் வண்டி நிற்கிறது, அதனால் அந்தக் கணக்கு அவர்களுக்குச் சரிவருகிறது. எங்களிடமும் 1904ஆம் ஆண்டில் தொடங்கிய ஒட்டோமொபைல் அசோசியேஷன் ஒவ் சிலோன் இருக்கிறது, பிறகு வந்த தனியார் சேவைகளும் இருக்கின்றன. ஆனால் இந்தச் சேவைகளின் பலம் மேல்மாகாணத்தில்தான் கூட. கொழும்பில் ஒருவர் பம்பலப்பிட்டியில் நின்றால் வண்டி தெகிவளையில் இருந்து வரும். நான் கல்ஓயாவில் நின்றால் குருநாகலில் இருந்து வருகிறது. கட்டணம் இரண்டு பேருக்கும் ஒன்று.

எனக்குச் சொன்ன ஒரு திட்டத்தின் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். வருடத்துக்கு 9,500. கட்டி இழுப்பதில் முதல் 30 கிலோமீற்றர் இலவசம், அதற்கு மேல் கிலோமீற்றருக்கு 250. நான் நின்ற இடத்தில் இருந்து வீட்டுக்கு எழுபது கிலோமீற்றர் என்று வைத்தால் மிச்சம் நாற்பதுக்கு 10,000. வெளியில் கொடுத்த 28,000த்தோடு பார்த்தால் 18,000 மிச்சம். அப்படியென்றால் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை இப்படி நின்றால்தான் கட்டிய காசு கிட்டத்தட்டச் சமனாகும். அதுவே நல்ல திட்டம் இல்லை. ஆனால் நான் இன்னொரு கேள்வி கேட்டேன்: அந்த 250, போகிற தூரத்துக்கு மட்டுமா, வண்டி திரும்பிப் போகிற தூரத்துக்கும் சேர்த்தா? திரும்புவதற்கும் சேர்த்து என்றார்கள். அப்போது மிச்சத் தூரம் எண்பதாகிறது, 20,000. வருடக் கட்டணத்தையும் கூட்டினால் 29,500. இரவில் வெளியில் வண்டி பிடித்ததைவிடக் கூட. வருடம் தவறாமல் ஒரு தடவை நின்றாலும் நட்டம்தான். விற்கிறவர் இதைத் தானாகச் சொல்லமாட்டார், கேட்டால் மறைக்கவும்மாட்டார். அதனால் கேளுங்கள். தூரத்தை எங்கிருந்து எண்ணுகிறார்கள் என்பதில்தான் முழுக் காசும் இருக்கிறது.

காரின் வயதையும் கேளுங்கள். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் நாடு முழுக்க ஓடியவை பழைய வண்டிகள்தான், என்னுடையதும் அப்படித்தான். ஆனால் சில திட்டங்களில் குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்ட வண்டியை எடுக்கமாட்டார்கள், அல்லது எடுத்துவிட்டு இழுப்பதைக் குறைப்பார்கள். நிற்கக்கூடிய வண்டிக்குச் சேவை இல்லை, நிற்காத புது வண்டிக்குச் சேவை உண்டு என்றால் அந்தக் காசை ஏன் கட்டவேண்டும்? சேர்ந்த நாளில் இருந்து எத்தனை நாள் கழித்துச் சேவை தொடங்கும், வருடத்துக்கு எத்தனை அழைப்பு, தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் வைத்திருந்தால் தருவார்களா என்பதும் கேட்கவேண்டியவை. எல்லாவற்றையும்விட எனக்குப் பலன் தந்த சோதனை ஒன்று: காசு கட்டுவதற்கு முன், இரவு ஒன்பது மணிக்கு மேல் அந்த ஹொட்லைனுக்கு அழைத்துத் தமிழில் பேசிப் பாருங்கள். "நான் ஹொரவப்பொத்தானையில் நின்றால் உங்கள் வண்டி எங்கிருந்து வரும்?" என்று கேளுங்கள். மூதூர், வெருகல், வாகரை வழியாக மட்டக்களப்புக்குப் போகிறவர்கள் வெருகலைச் சொல்லிக் கேளுங்கள். பதில் வருகிற வேகத்திலேயே பாதி தெரிந்துவிடும். நான் அழைத்த ஒரு சேவையில் வெருகல் எந்த மாவட்டம் என்று என்னிடமே கேட்டார்கள்.

கடைசியில் நான் தனி மெம்பர்ஷிப் எடுக்கவில்லை. புல் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கும்போது வேறு கம்பனிக்கு மாறி, வருடத்துக்கு 3,500 கூடுதலாகக் கட்டி, இழுக்கிற செலவின் எல்லையை 10,000த்தில் இருந்து 25,000க்கு உயர்த்தினேன். அந்தக் கம்பனியில் வெளிக் கரியர் பிடித்தாலும் ஹொட்லைனில் சொல்லிவிட்டுப் பில் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். அதை ஏஜென்டின் வாய்ச்சொல்லாக விடாமல் மின்னஞ்சலில் எழுதி வாங்கினேன். நான்கு வருடத்தில் ஒரு தடவை தூரத்தில் நின்றாலே கட்டிய கூடுதல் காசு திரும்பிவிடும். என் காரின் வயதுக்கு அது நடக்கக்கூடியதுதான். எங்கள் பகுதிக்குத் தேவை வண்டி அனுப்புகிறோம் என்ற வாக்குறுதியைவிட, பக்கத்தில் நிற்கிற வண்டியை நாங்களே பிடித்தால் காசைத் தருகிறோம் என்ற ஒப்பந்தம். இந்த வித்தியாசத்தை எனக்கு யாராவது முதலே சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அதோடு கந்தளாய், தம்புள்ளை, ஹொரவப்பொத்தானை ஆகிய இடங்களில் கரியர் வைத்திருக்கிறவர்களின் நம்பர்களைத் தேடி எடுத்தேன். பகல் விலை, இரவு விலை இரண்டையும் கேட்டுப் போனிலும், டாஷ்போட்டுக்குள் ஒரு கடதாசியிலும் எழுதி வைத்திருக்கிறேன். போன் செத்தால் கடதாசிதான் உதவும். 40,000 ரூபாவைத் தனிக் கணக்கில் போட்டு வைத்திருக்கிறேன், அதைத் தொடுவதில்லை. காரின் பின்பக்கத்தில் ஜம்ப் வயர், டோர்ச், தண்ணீர்ப் போத்தல்கள், காற்றடிக்கிற சின்னப் பம்ப். எங்கள் வெக்கைக்குப் பற்றரி வேகமாகப் போய்விடும் என்பதால் நீண்ட பயணத்துக்கு முன் கராஜில் அதைச் சோதிக்கிறேன், பெல்ட்டில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்கிறேன். அந்தச் சோதனைக்கு எங்கள் கராஜ் மெக்கானிக் பாஸ் காசே எடுப்பதில்லை.

உப்புவெளிக்கும் உவர்மலைக்கும் இடையில் மட்டும் காரை எடுக்கிறவர்களுக்கு எந்த மெம்பர்ஷிப்பும் வேண்டாம் என்பதுதான் என் முடிவு. ஊருக்குள் நின்றால் தெரிந்த கராஜ் பொடியன் மோட்டார் சைக்கிளில் வந்து பற்றரிக்கு ஜம்ப் கொடுத்துவிட்டுப் போவான், அதற்கு அவன் கேட்பது ஆயிரத்து ஐந்நூறு. கிழமைக்குக் கிழமை கொழும்புக்கு ஓடுகிறவர்கள், கொழும்பிலேயே காரை வைத்துப் படிக்கிற, வேலை செய்கிற பிள்ளைகள் உள்ளவர்கள் எடுக்கலாம், அந்தப் பக்கத்தில் அவர்களுக்குச் சேவை கிடைக்கும். என்னைப் போல எப்போதாவது, ஆனால் தனியாக, அந்தக் காட்டுப் பாதையால் போய்வருகிற பெண்கள் முதலில் தங்கள் இன்சூரன்ஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைத் தெரிந்தவர் ஒருவரைக்கொண்டு வாசிப்பித்துவிட்டு, பிறகு மிச்சத்தைத் தீர்மானியுங்கள். அடுத்த மாதம் மகளைக் கூட்டிவரப் போகிறேன். இந்தமுறை பேராதனையில் இருந்து காலையிலேயே வெளிக்கிடுகிறோம், கந்தளாயைப் பகல் வெளிச்சத்தோடு கடந்துவிடுவதாக.